ஒரு சகன், நாலு கை

எங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சோற்றுக் கோப்பை வந்தது என்னால்தான். யாரும் கேட்காவிட்டாலும் இதை நான் சொல்வேன். பெருமை அடிக்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைப்படுகிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது.

நான் பிறந்தது கிளிவெட்டியில். வேலை திருகோணமலைப் பட்டினத்தில், துறைமுகத்துக்குப் பின்வீதியில் இருக்கிற ஒரு பிள்ளைகள் இல்லத்தில். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள், வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாத பிள்ளைகள் எல்லாரும் எங்களிடம் இருக்கிறார்கள். சிலருக்கு அதுதான் வீடு, வேறு வீடு இல்லை. அவர்களைத் தவிர, வந்து போகிற பிள்ளைகளுக்கென்று இரண்டு கட்டில் எப்போதும் விரித்திருக்கும். தாய் வருத்தம் வந்து படுக்கலாம், குடும்பத்தில் ஒரு செத்தவீடு வரலாம், ஒன்றுமில்லாவிட்டாலும் பெற்றவள் நாலு நாள் நிம்மதியாகக் கண்ணை மூட வேண்டும். அப்போது பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகலாம். "பெத்த பிள்ளையைத் தள்ளிவிட வந்திட்டினம்" என்று சொல்கிற வாய்களும் ஊரில் உண்டு. அந்த வாய்க்காரர் ஒரு கிழமை இந்தப் பிள்ளைகளில் ஒன்றைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கட்டும். பிறகு கதைப்போம்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் மதியச் சாப்பாடு எப்படி நடந்தது தெரியுமா? பிள்ளைகளை வாங்கில் வரிசையாக இருத்துவார்கள். ஒரு சட்டியில் குழைத்த சோறு, ஒரு கரண்டி. உதவியாள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஊட்டிக்கொண்டு போவாள். ஒரு வாய் முடிய அடுத்த வாய், அதே கரண்டி. இரண்டாம் நாளே பொறுப்பாளர் அம்மாவிடம் போய் நின்றேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, பொறுமைசாலி. என் வாயைத் தாங்குகிற பொறுமை வேறு யாருக்கும் வராது.

"அம்மா, இது மாட்டுக்குப் பிண்ணாக்கு வைக்கிற வேலை. இந்தப் பிள்ளையளும் மனிசர்தான். அவையின்ர சோறு அவையின்ர கோப்பையில இருக்கவேணும்."

"ஆளுக்கொரு கோப்பை குடுத்தா எறிவினம் பிள்ளை."

"எறியட்டும். பொறுக்கி எடுக்க நானிருக்கிறன்."

எறிந்தார்கள்தான். மாதக்கணக்கில் எறிந்தார்கள். சுவரில் பருப்பு வழியும், என் தலையில் சோறு கிடக்கும். நானும் விடவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நிறத்தில் கோப்பை பார்த்து வாங்கினேன். இன்றைக்கு மத்தியானம் வந்து பாருங்கள். பிள்ளைகள் தாங்களாகப் போய் அலுமாரித் தட்டிலிருந்து தங்கள் கோப்பையை எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து இருப்பார்கள். அந்த நிமிர்வைப் பார்க்கத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். எங்களிடம் நெடுநாளாக இருக்கிற ஒரு பெண்பிள்ளை, இப்போது பதினாலு வயது, சிவப்புக் கோப்பைக்காரி. அந்தச் சிவப்புக் கோப்பையை வேறு யாராவது தொட்டால் அவள் போடுகிற கூச்சலில் துறைமுகத்துக் கப்பலின் சங்கு தோற்றுப்போகும். அதைக் கேட்டால் மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள். எனக்கு மனம் குளிரும். 'என்னுடையது' என்று சொல்லத் தெரிந்துவிட்டதல்லவா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனிக் கோப்பை எனக்கு வெறும் கொள்கை இல்லை, அது என் இரத்தத்தில் ஊறியது. எங்கள் வீட்டில் எச்சில் பார்ப்பது கடுமை. செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்போம். ஒருவர் கை வைத்த கோப்பையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. நான் பெற்ற பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றைக்கூட நான் தின்றதில்லை, கோழிக்குத்தான் போட்டேன். என் புருசன் இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும், அப்படித்தான் வளர்ந்தேன்.

இப்படி இருந்த என்னிடம்தான் குறிஞ்சாக்கேணியிலிருந்து அந்தப் பிள்ளை வந்தாள்.

ஒன்பது வயது. பேச்சு இல்லை. பெரிய கண், ஒல்லிக் கை, நடக்கும்போது விரல்களைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக்கொண்டே நடப்பாள். தாயும் தகப்பனும் கொண்டுவந்தார்கள். தகப்பனுக்குக் கிண்ணியாவில் மரக்கறிக் கடை. தாய்க்குக் கர்ப்பப்பையில் கட்டி, இரத்தம் போய்ப் போய் முகம் வெளுத்திருந்தது. சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் முன்பும் திகதி கொடுத்திருந்தார்கள். பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் அவள் ஒவ்வொரு தரமும் போகாமல் விட்டுவிட்டாள். இந்த முறை வைத்தியர், இனியும் தள்ளிப்போட்டால் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை சத்திரசிகிச்சை. திங்கட்கிழமையே வந்து வார்ட்டில் படுக்க வேண்டும், இரத்தம் ஏற்ற வேண்டும்.

"என்னை விட்டுட்டு ஒரு நாளும் இருந்ததில்ல அக்கா" என்றாள் தாய். "மத்தவங்க இருக்குறதே இவக்கு விளங்காது எண்டுதான் சொல்லுறாங்க. ஆனா நான் இல்லாட்டி விளங்கும்."

நான் அவளைப் பக்கத்தில் இருத்தி, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். என்ன சாப்பிடுவாள், எவ்வளவு உறைப்பு, எந்தப் பக்கம் சரிந்து படுப்பாள், எந்தச் சத்தத்துக்குப் பயம், கோபம் வந்தால் என்ன செய்வாள், எப்படித் தணிப்பது. அவள் எல்லாவற்றுக்கும் விடை சொன்னாள். சோற்றைக் கொஞ்சம் மசித்துக் கொடுக்க வேண்டும், மீனென்றால் விருப்பம், தானாகவே கையால் சாப்பிடுவாள். எனக்குப் பெரிய சந்தோசம். தானாகச் சாப்பிடுகிற பிள்ளை என்றால் பாதி வேலை முடிந்தது. சாப்பாட்டுக் கதை வந்தபோது தாய் ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அதை நான் கண்டேன். கண்டும், தாய்மார் அழப் பார்த்தால் இப்படித்தான் நிறுத்துவார்கள் என்று நினைத்து மேலே போய்விட்டேன்.

பிள்ளைக்கு ஒரு மஞ்சள் கோப்பை புதிதாக எடுத்து வைத்தேன்.

அன்று மத்தியானம் அவள் அந்த மஞ்சள் கோப்பையின் முன்னால் இருந்தாள். பார்த்தாள். எழும்பிப் போய் யன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டாள். முதல் நாள்தானே என்று விட்டோம். இரவும் அப்படியே. அடுத்த நாள் இடியப்பம் வைத்தோம், புட்டு வைத்தோம், மீன் பொரித்து வைத்தோம். ஒவ்வொரு முறையும் கோப்பைக்கு முன்னால் வந்து இருப்பாள், சோற்றைப் பார்ப்பாள், பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள், எழும்பிப் போய்விடுவாள். நான் ஊட்டப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள், ஒன்றிரண்டு மிடறு தேத்தண்ணி குடித்தாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இவளுக்குப் பசிதான் பறந்து போயிருந்தது.

எங்கள் சமையல்கார அக்கா கட்டைபறிச்சானைச் சேர்ந்தவர், மீன்பிடிக் குடும்பம், கை ருசி கொண்டவர். தன் சமையலைப் பிள்ளை தொடவில்லை என்று அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னட்டை என்ன குறை எண்டு சொல்லத் தெரிஞ்சாலாவது பரவாயில்லை" என்று குசினிக்குள் நின்று புலம்பினார். புதன்கிழமை காலை பார்க்க வந்த வைத்தியர், நாளைக் காலையும் இப்படியே என்றால் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சேலைன் ஏற்ற வேண்டும் என்றார். தாய் ஒரு வார்ட்டில், பிள்ளை இன்னொரு வார்ட்டில்.

அன்று மத்தியானம் தகப்பன் வந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

"மிஸ், நான் மகளக் கூட்டிட்டுப் போகப் போறன்."

"ஏன் நானா?" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது.

"இவட உம்மா ஆஸ்பத்திரில அழுதுட்டு இருக்கா. பிள்ள பட்டினி கிடக்கக்குள்ள நான் கத்திக்குப் படுக்க மாட்டன் எண்டு சொல்லுறா. இண்டைக்குப் பொழுது படுறதுக்குள்ள புள்ள சாப்புட்டாதான் ஒப்பரேசன். இல்லாட்டி நாளைக்கு விடியத் துண்டு வெட்டிட்டு வீட்ட வந்துடுவாவாம்."

எனக்குக் கோபம் வந்தது. தாயில் இல்லை, தகப்பனில் இல்லை. எங்களில்தான். இத்தனை வருசமாகப் பிள்ளைகளைத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறோம், ஒரு பிள்ளைக்கு ஒரு வாய் சோறு கொடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பெயரை வெட்டித் துண்டு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனால் பிறகு ஒருநாளும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள். அந்த வெளுத்த முகம் எவ்வளவு நாள் தாங்கும்? பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?

ஆனால் வாயில் வந்தது வேறு. "நானா, முதல்ல நீங்க சாப்பிட்டனீங்களா?"

அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கடைக்கும் கிண்ணியாப் பாலத்தால் ஓடிக்கொண்டிருக்கிற மனிதர்.

"இருங்கோ. சாப்பிட்டிட்டுப் பிறகு கதைப்பம்."

பிள்ளைகள் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். எங்கள் ஆட்களின் கோப்பைகள் தொட்டியில் கழுவாமல் கிடந்தன. பிள்ளைகளின் கோப்பையில் விருந்தாளிக்குப் போட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், சிவப்புக் கோப்பைக்காரி வாசலிலேயே காவல் நின்றாள். சமையல்கார அக்கா வேறு வழியில்லாமல், அரிசியில் கல் பார்க்கிற பெரிய வட்டத் தட்டத்தைக் கழுவித் துடைத்து, அதில் சோறும் பாரை மீன் குழம்பும் போட்டு, விறாந்தையில் பாயை விரித்து வைத்தார். "குறை நினைக்காதேங்கோ நானா, கோப்பை ஒண்டும் இல்லை" என்றார்.

தகப்பன் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார். பிஸ்மில்லா சொன்னார். தன் பக்கத்துச் சோற்றைக் கொஞ்சமாகப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். மகளைக் கூப்பிடவில்லை. அந்த மனிதருக்கு அவ்வளவு பசி.

யன்னலுக்குக் கீழே இருந்த பிள்ளை எழும்பினாள். விரல்களைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக்கொண்டு நடந்து வந்தாள். தட்டத்தின் மறு பக்கத்தில் ஒரு காலை மடித்து, ஒரு முழங்காலை நிமிர்த்தி, அளவெடுத்த மாதிரி இருந்தாள். அவள் கை தட்டத்துக்குள் போனது. சோற்றை அள்ளி வாயில் வைத்தாள். இன்னொரு வாய். இன்னொரு வாய். தகப்பன் மீனை முள்ளெடுத்து அவள் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார், அவள் எடுத்துச் சாப்பிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். கண்ணீர் மூக்கு நுனியால் வழிந்தது, துடைக்கவில்லை.

நான் கரண்டியோடு நின்றேன்.

தட்டம் வெறுமையான பிறகுதான் கேட்டேன். "வீட்டில எப்பவும் இப்பிடியா நானா?"

"ஓம் மிஸ். எங்கட வீட்டுல மூணு நேரமும் சகன்தான். எங்கட உம்மா வாப்பா காலத்துல இருந்தே அப்புடித்தான். எல்லாரும் ஒண்டா இருந்து ஒண்டாத் தின்னுறது." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவட உம்மா சொல்லல்லயா?"

சகன் எனக்குத் தெரியாததா? கிண்ணியாவிலும் மூதூரிலும் எத்தனை கலியாணத்துக்குப் போயிருக்கிறேன். அந்தப் பெரிய வட்டத் தட்டத்தைச் சுற்றி ஆட்கள் கூடியிருந்து சாப்பிடுவதைத் தூரத்தில் நின்று கண்டிருக்கிறேன். தூரத்தில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்களைப் போல வருகிற தமிழ் ஆட்களுக்கு அவர்கள் தனியாக மேசை போட்டு, தனிக் கோப்பை வைத்து, பக்கத்தில் நின்று பரிமாறுவார்கள். அது மரியாதை. நாங்களும் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். சகன் கலியாண வீட்டுச் சாமான் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒரு பிள்ளைக்கு அதுதான் சாப்பாட்டின் வடிவம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தப் பிள்ளைக்குத் தனிக் கோப்பை என்றால் விலக்கி வைத்த சோறு. ஒவ்வொரு வேளையும் அவள் கோப்பைக்கு முன்னால் இருந்து எங்கள் முகங்களைப் பார்த்தது, உங்கள் கைகள் எங்கே என்று கேட்டுத்தான். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோமே தவிர ஒரு கை உள்ளே வரவில்லை.

தகப்பனுக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் மனைவி. ஒவ்வொரு நேரமும் வந்து மகளோடு இருந்து சாப்பிட அவரால் ஏலாது. தகப்பன் கையோடு சாப்பிட்டது தாயைச் சமாதானப்படுத்தாது என்றும் அவரே சொன்னார். "நான் இல்லாத நேரமும் சாப்புடுவாவா எண்டுதான் அவ கேப்பா மிஸ். அதுக்கு நான் என்ன சொல்ல?"

"பொழுது பட முதல் நான் எடுத்துக் கதைக்கிறன். அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கோ" என்றேன்.

பொறுப்பாளர் அம்மாவிடம் போனேன். தனிக் கோப்பைச் சட்டம் போட்டவளே வந்து அந்தச் சட்டத்தை மீறப் போகிறேன் என்று சொன்னால் எந்த மனிதருக்கும் சிரிப்பு வரும். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆர் இருந்து சாப்பிடப் போறது?"

"நான்தான்."

"நீரா? தேத்தண்ணிக் கோப்பையைக்கூட ரெண்டு தரம் அலசிப்போட்டுக் குடிக்கிற ஆள் நீர்."

"ஓம், நான்தான்."

"கையை வடிவாக் கழுவிப்போட்டு இரும். ஆராவது கேட்டா நான் பதில் சொல்லுறன்."

மாலையில், வெயில் தணிந்து, பட்டினத்துக்குள் திரிகிற மான்கள் எங்கள் படலைக்கு வாழைப்பழத் தோல் கேட்டு வருகிற நேரம், விறாந்தையில் பாயை விரித்தோம். நடுவில் தட்டம். ஒருவர் இருந்தால் அது சகன் ஆகாது என்று சமையல்கார அக்காவையும் இழுத்து இருத்தினேன். அவருக்கு என்னைப் போல எச்சில் வருத்தம் இல்லை. கடலுக்குப் போகிற குடும்பத்தில் ஒரு சட்டியில் நாலு பேர் அள்ளித் தின்று வளர்ந்தவர். என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த சிவப்புக் கோப்பைக்காரி, தன் கோப்பையைக் கொண்டுவந்து தட்டத்தின் ஓரத்தில் ஒட்டி வைத்துவிட்டு எங்களோடு இருந்தாள். சேர்ந்தும் இருப்பேன், என் கோப்பையையும் விடமாட்டேன் என்று அர்த்தம். நான் வளர்த்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

குறிஞ்சாக்கேணிப் பிள்ளை வரவில்லை. யன்னலுக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோற்றில் கையை வைத்தபடி அவளையே பார்த்தேன். "வா குஞ்சு, வா" என்றேன். மீன் துண்டைத் தூக்கிக் காட்டினேன். அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒருத்தி கைப்பேசியைப் பார்த்தபடி இருப்பாள்.

அப்போதுதான் எனக்குத் தகப்பன் இருந்த விதம் ஞாபகம் வந்தது. அவர் மகளைக் கூப்பிடவே இல்லை. பசியில் வந்து இருந்து சாப்பிட்டார், அவ்வளவுதான். நானோ தட்டத்துக்கு முன்னால் தூண்டில் போட்டவள் மாதிரி இருக்கிறேன். எந்தப் பிள்ளைக்குத்தான் சந்தேகம் வராது? நானும் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. சரி, வருவது வரட்டும் என்று குனிந்தேன். சோற்றைப் பிசைந்தேன். சமையல்கார அக்காவின் குழம்புக் கை வைத்த பக்கத்திலிருந்தே ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டேன். மெல்லாமலே விழுங்கினேன். இரண்டாம் வாய் லேசாகப் போனது. மூன்றாம் வாய்க்குப் பிறகு நான் உண்மையிலேயே சாப்பிட்டேன். பசி என்றால் அப்படி ஒரு பசி. அக்கா தன் ஊர்க் கதை ஒன்றைத் தொடங்கினார், நான் சிரித்தேன், சிவப்புக் கோப்பைக்காரி காரணம் தெரியாமல் எங்களை விடப் பெரிதாகச் சிரித்தாள்.

என் இடது முழங்காலில் ஒரு சின்ன முழங்கால் முட்டியது.

நான் திரும்பவில்லை. ஒல்லிக் கை ஒன்று தட்டத்துக்குள் வந்தது. நேராக என் பக்கத்துக்கு வந்து, நான் பிசைந்து வைத்திருந்த சோற்றை அள்ளிக்கொண்டு போனது. வாயில் வைத்த விரல்களோடு திரும்ப வந்து, திரும்பவும் என் சோற்றையே அள்ளியது. என் கை ஒரு கணம் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு நானும் அதே இடத்தில் கை வைத்து அள்ளிச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியான சோறு நான் சாப்பிட்டதில்லை. அக்காவின் கை ருசி என்று அக்கா சொல்வார், சொல்லட்டும்.

தாய்க்கு அழைப்பு எடுத்தது பொறுப்பாளர் அம்மா. முகம் தெரிகிற அழைப்பு. என் கையில் சோறு இருந்ததால் அவரே கைப்பேசியைத் தட்டத்துக்கு மேலே பிடித்தார். வார்ட்டுக் கட்டிலில் தலையணையோடு சாய்ந்திருந்த அந்த வெளுத்த முகம் தட்டத்தையே பார்த்தது. எந்தக் கை யாருடையது என்று அவள் எண்ணிக்கொண்டிருந்திருப்பாள்.

"அக்கா, நீங்களும் அதுலயேதான் திண்டீங்களா?"

"ஓம் தங்கச்சி. உங்கட மகள் என்ர பக்கத்தையும் சேத்துத் திண்டிட்டா. எனக்குச் சோறு காணாமப் போச்சு."

அவள் அழத் தொடங்கினாள். "நான் அண்டைக்கே சொல்ல வந்தனான் அக்கா. உங்கட ஆக்கள் எச்சில் பாக்குறவங்க. சொன்னா, ஏலாது எண்டு சொல்ல உங்களுக்குச் சங்கடம். அதைக் கேக்க எனக்கு வெக்கம். அதான் வாய மூடிட்டன்."

எனக்கே வாய் அடைத்துப்போனது என்றால் எங்கள் இல்லத்தில் யாரும் நம்பமாட்டார்கள், பொறுப்பாளர் அம்மாதான் சாட்சி. எங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவள் தன் பிள்ளையின் சோற்றையும் தன் உயிரையும் சேர்த்து மறைத்திருக்கிறாள். கலியாண வீட்டில் எங்களுக்குத் தனி மேசை போட்ட அதே மரியாதை. அந்த மரியாதைக்கு நான் இவ்வளவு காலமும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

கடைசியில் சொன்னேன். "தங்கச்சி, நாளைக்கு விடிய நீங்க துண்டு வெட்டக் கூடாது. கத்திக்குப் போங்கோ. நீங்க எழும்பி வாற வரைக்கும் மூண்டு நேரமும் நான் இந்தப் பாயில இருப்பன்."

வியாழக்கிழமை சத்திரசிகிச்சை நடந்தது. தாய் நல்லபடி எழும்பினாள். பிள்ளை எங்களோடு மேலும் இரண்டு கிழமைக்குக் கிட்ட இருந்தாள். மூன்று நேரமும் நானும் அக்காவும் அவளோடு பாயில் இருந்தோம். நான் லீவில் போன நாளில் பொறுப்பாளர் அம்மாவே முழங்கால் வலியோடு கீழே இருந்தாராம், எழும்புவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டதாம். தகப்பன் ஒரு நாள் தங்கள் வீட்டுச் சகனையே கொண்டுவந்து தந்தார், விளிம்பில் நசுங்கல் விழுந்த பழைய சகன். இப்போது புதிதாக ஒரு பிள்ளை வந்தால் தாயிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் பிள்ளை யாரோடு இருந்து சாப்பிடும் என்பதைத்தான். மற்றப் பிள்ளைகளின் கோப்பைகள் அப்படியே நிறம் நிறமாக அலுமாரித் தட்டில் இருக்கின்றன. எனக்கு இரண்டிலும் பெருமைதான்.

தாய் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். மத்தியான நேரம். முகத்தில் இரத்தம் ஊறியிருந்தது, நடை மட்டும் மெதுவாக இருந்தது. மகள் ஓடிவந்து அவள் வயிற்றில் முட்டப் போக, நான் இடையில் புகுந்து பிடித்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றேன். பாயை விரித்து நடுவில் சகனை வைத்தோம். நான் இருந்தேன், அக்கா இருந்தார், பிள்ளை ஒரு முழங்காலை நிமிர்த்தி இருந்தாள். சிவப்புக் கோப்பையும் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து ஓரத்தில் ஒட்டியது. தாய் குனியப் பார்த்தாள், ஏலவில்லை.

"தையல் இழுக்குது அக்கா. கீழ இருக்க ஏலாது. நீங்க சாப்புடுங்க, நான் பாத்துட்டு இருக்கன்" என்று கதிரையில் இருந்தாள்.

பிள்ளை சாப்பிடவில்லை. எங்களுக்கும் பழைய பயம் வந்துவிட்டது. அவள் சகனைப் பார்த்தாள். எனக்கு முன்னால் ஒரு பக்கம், அக்காவுக்கு முன்னால் ஒரு பக்கம், தனக்கு முன்னால் ஒரு பக்கம். நாலாவது பக்கத்தில் ஆள் இல்லை, சோறு தொடாமல் இருந்தது. நடுவில் கிடந்த பெரிய பாரைத் துண்டை அவள் இரண்டு விரலால் பிடித்தாள். தன் பக்கத்துக்கு இழுக்கவில்லை. அந்த வெறும் பக்கத்துக்குத் தள்ளினாள். வழியில் சோறு தடுத்தது, சோற்றை விலக்கிவிட்டுத் திரும்பவும் தள்ளினாள். விளிம்புவரை கொண்டுபோய் வைத்துவிட்டு, சகனின் விளிம்பை விரலால் தட்டினாள்.

சகனில் நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவது அவர்களுடைய வழக்கம். பிறந்த நாள் தொட்டு எல்லாரும் அவளுக்குத்தான் தள்ளியிருக்கிறார்கள். மற்றவர்கள் இருப்பதே விளங்காது என்று யாரோ சொன்ன பிள்ளை.

"எனக்கா மகள்?" என்றாள் தாய்.

பிள்ளை திரும்பவும் விளிம்பைத் தட்டினாள்.

நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சோறு சிந்தாமல் சகனைத் தூக்கி மேசையில் தாய்க்கு முன்னால் வைத்தோம். கதிரைகளை இழுத்துப் போட்டுச் சுற்றி இருந்தோம். தாய் அந்த மீன் துண்டை எடுத்தாள், ஒரு விள்ளல்கூட மகளுக்குத் திருப்பிக் கொடுக்காமல் முழுவதையும் தானே சாப்பிட்டாள். அதன் பிறகுதான் பிள்ளை சோற்றில் கை வைத்தாள். எனக்கு அன்றைக்குக் கிடைத்தது தலைப் பக்கத்து முள்ளுத்தான். ஒன்று விடாமல் சப்பித் தின்றேன்.